அந்தோனியாருக்கு இரண்டு நேர்த்தி

எங்கள் அண்ணை வீட்டில் புருசனும் பெண்சாதியும் ஒரே புனிதரிடம், ஒரே தேர்தலுக்கு, எதிரும் புதிருமாக நேர்த்தி வைத்திருந்தார்கள். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். ஓக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பேயில், டெய்ரி என்று சொல்கிற தெருமுனைக் கடை நடத்துகிற ஒருத்தியிடம் வந்து ரகசியம் சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது? பாலும் பாணும் வாங்க வருகிற சனத்தில் பாதி ஊர்க்கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிற கடை அது. என்றாலும் இந்த விசயத்தில் நான் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். இருவரில் ஒருவருக்குத் தெரிந்தாலும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும்.

தேர்தல் இங்கே நடந்தது அல்ல. ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு நடந்தது. நோபேட் அண்ணைக்கும் பிரியந்தி மச்சாளுக்கும் ஒரே பிள்ளையான ஷாமிலா கிளாஸ்கோவில் நின்றாள்.

மன்னாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, ஓக்லாந்தில் பிறந்து வளர்ந்தவள், ஸ்கொட்லாந்தில் என்ன செய்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எல்லாம் இந்த நியூசிலாந்துப் பழக்கத்தால் வந்தது. இங்கத்தைய பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் பிரித்தானியாப் பக்கம் போய் வேலை செய்து, ஊர் உலகம் பார்த்துவிட்டு வருவார்கள். ஓ.ஈ. என்று அதற்குப் பெயர். ஷாமிலாவும் நேர்ஸ் படிப்பை முடித்துக்கொண்டு ஓ.ஈ. போனாள். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் போனாள். இரண்டு பெட்டியில் ஒன்றை மட்டும் கொண்டுபோனாள், மற்றது இன்னும் அவளுடைய அறையில் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

கிளாஸ்கோவில் அவளுக்கு வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. போன மாடிவீடுகளில் எல்லாம் சுவரில் பூஞ்சணம். பிள்ளைகளுக்கு இழுப்பு. வேறு யாராவது என்றால் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். இவளுக்கு அது முடியவில்லை. ஏனென்றால் இவளே அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை. அண்ணை குடும்பம் இந்த நாட்டில் எடுத்த முதல் வாடகை வீட்டில் அலுமாரியை நகர்த்தினால் பின்சுவர் கன்னங்கரேல் என்று இருக்கும். மாரி வந்தால் பிள்ளைக்கு இழுப்பும் வரும். மூச்சு முட்டும்போது அவளுடைய தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும். மச்சாள் அந்தத் தோளைத் தூரத்தில் நின்று பார்த்தே இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடுவாள். டொக்டரிடம்கூட, மார்பில் குழாய் வைத்துப் பார்க்க வேண்டாம், தோளைப் பாருங்கள் என்று சண்டை பிடித்தவள்.

அப்படிப்பட்ட பிள்ளை அந்த மாடிவீட்டுச் சுவர்களைப் படம் எடுத்தாள். தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போய் நகரசபைப் படிக்கட்டில் உட்கார்த்தினாள். அதிகாரி ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்ல, உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு ஜனவரியில் ஒரு நாள் படுத்துப் பாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தாளாம். வாய் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே தாய்மார் அவளை நகரசபைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள், வென்றாள். பிறகு கட்சி அவளைப் பாராளுமன்றத்துக்கு நிறுத்தியது. தோற்றாள்.

தோற்ற கையோடு மச்சாளுக்குத் தொலைபேசியில் ஒரு வாக்குக் கொடுத்தாள். இன்னொரு முறை நிற்பேன், அதிலும் இல்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று. வந்தது வினை. அந்த வாக்கைக் கொடுத்தவள் மறந்திருப்பாளோ தெரியாது, கேட்டவள் மறக்கவில்லை. அடுத்த தேர்தல் வரும்வரைக்கும் மச்சாள் ஓக்லாந்தில் எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிளினிக்கில் நேர்ஸ் வேலை விழுந்தாலும் அந்த விளம்பரத்தை உடனே கிளாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் அறைக்கு அடிக்க என்று ஒரு வாளி பெயின்ற்றும் வாங்கி வைத்தாள். அண்ணை தொழிலே பெயின்ரர். ஓக்லாந்தில் அவர் அடிக்காத வீடு குறைவு. ஆனால் அந்த ஒரு அறைக்கு மட்டும் பிரஷ்ஷைத் தொடமாட்டேன் என்று விட்டார். அடித்தால் பிள்ளை தோற்பாள் என்று நாங்களே ஒப்புக்கொண்டது ஆகிவிடுமாம். வாளி கராஜில் மூடி திறக்காமல் கிடந்தது.

இந்த நிலைமையில்தான் அண்ணை ஒரு நாள் கடைக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“பேர்ணடெட், அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிட்டன். பிள்ளை வெண்டால் மொட்டை. மீசையையும் சேத்துத்தான் குடுக்கப்போறன்.”

தலையில் அந்தோனியாருக்குக் கொடுக்க அவரிடம் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அதனால்தான் மீசையையும் சேர்த்திருக்கிறார் என்று விளங்கியது. ஆனால் அந்த மீசை லேசான சாமான் இல்லை. பதினெட்டு வயதில் முளைத்ததை அவர் இந்த நாட்டு விசாப் படத்துக்குக்கூட எடுக்கவில்லை. நான் சிரிக்காமல் தலையை ஆட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயில் முடிந்து மச்சாள் வந்தாள். அவளும் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“அவள் வீட்ட வந்திட்டாள் எண்டால் ஒரு வருசத்துக்கு மீன் வாயில வைக்கமாட்டன், மச்சாள். அந்தோனியாரிட்டச் சொல்லிப்போட்டன்.”

மன்னார்க்காரி ஒருத்தி ஒரு வருடம் மீன் தின்னாமல் இருப்பது என்றால் என்னவென்று வெளியாருக்கு விளங்காது. சோற்றுக்கு மீன் இல்லாத நாளை அவள் சாப்பிட்ட நாளாகவே எண்ணமாட்டாள். அவ்வளவு பெரிய நேர்த்தி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிள்ளை தோற்க வேண்டும் என்று நேர்த்தி வைக்கிற தாயை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக விமானநிலையத்தில் அழுது அழுது வழியனுப்பிய முகம். திறந்த வாயை மூடிக்கொண்டு ஒரு பால் போத்தலை எடுத்து அவளுடைய பையில் வைத்தேன்.

வியாழக்கிழமை அங்கே வாக்களிப்பு. எங்களுக்கு வெள்ளி இரவுச் சாப்பாட்டு நேரம், அவர்களுக்கு வெள்ளி காலை. அப்போதுதான் எண்ணத் தொடங்கினார்கள். அண்ணைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய டிவியில் கிளாஸ்கோ மண்டபத்தை நேரலையாகப் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தார். சோபாவின் நடுவில் தவராசா அண்ணர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணையின் கூட்டாளி, ஓய்வுபெற்ற கணக்காளர். இங்கே ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடியில் வேலைக்குப் போகிறவர், அதனால் தேர்தல் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு நிமிர்ந்த நெஞ்சு வந்துவிடும்.

அவர் சொன்னதில் எங்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நியூசிலாந்தில் இருப்பவர்களுக்கு இந்த முறை தண்ணி பட்ட பாடு. ஆளுக்கு இரண்டு வாக்கு, ஒன்று தொகுதிக்கு, ஒன்று கட்சிக்கு. தொகுதியில் தோற்றாலும் கட்சிப் பட்டியலில் பெயர் இருந்தால் உள்ளே போகலாம். ஸ்கொட்லாந்திலும் அப்படித்தான், கிளாஸ்கோப் பக்கத்துக்கு மட்டும் பட்டியலில் ஏழு ஆசனம். ஷாமிலா தொகுதியிலும் நின்றாள், பட்டியலிலும் இரண்டாவது இடத்தில் இருந்தாள். இதைக் கேட்ட மச்சாள், அப்படியென்றால் இரண்டு தரம் தோற்க வேண்டுமோ என்று கேட்டாள். அண்ணை அதைத் தாயின் பதற்றம் என்று எடுத்துக்கொண்டு, பயப்படாதே என்று தோளில் தட்டிக்கொடுத்தார். நான் குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

தொகுதி முடிவு முதலில் வந்தது. தோல்வி. கிட்டத்தான் வந்தாள், ஆனால் தோல்வி. அண்ணை நடப்பதை நிறுத்திவிட்டுச் சுவரோடு சாய்ந்தார். மச்சாள் ஐயோ என்று சொன்னாள், ஆனால் அந்த ஐயோவில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்கு மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஷாமிலா தொலைபேசி எடுத்தாள். மச்சாள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, நான் வாறன்.”

அவ்வளவுதான் சொன்னாள். பட்டியல் இருக்கிறது, இன்னும் முடியவில்லை என்று அண்ணை கத்தினார். அதெல்லாம் சந்தேகம் அப்பா என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

மச்சாளுக்குத் தலைகால் தெரியவில்லை. வாறன் என்று சொல்லிப்போட்டாள், அதுவும் தமிழில் சொன்னாள் என்று என்னிடம் வந்து வந்து சொன்னாள். எனக்கு அதுதான் உறுத்தியது. ஷாமிலா இங்கே பிறந்த மற்றப் பிள்ளைகளைப் போலத்தான். நாம் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்ட நாளும், சோதனையில் கோட்டைவிட்ட நாளும், ஒரு பெடியன் ஏமாற்றிவிட்டுப் போன நாளும்தான் அவள் வாயில் தமிழ் வந்தது. மனம் நன்றாக இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வராது. இது மச்சாளுக்குத் தெரியாததா? என்னைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பம் இல்லை, அவ்வளவுதான்.

பட்டியல் முடிவு பிந்தும் என்றார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, சனி விடியக் கடையைத் திறக்கிற வேலையைத் துணைக்கு நிற்கிற ரஷ்மியிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். அங்கே பார்த்தால் கலியாண வீடு மாதிரி. தவராசா அண்ணர் போட்ட சட்டையோடு அதே சோபாவில் இருந்தார், கண் சிவந்திருந்தது. தொகுதி தொகுதியாக வந்த கட்சி வாக்குகளைக் கூட்டி, இங்கே நியூசிலாந்தில் எப்படிப் பிரிப்பார்களோ அப்படியே பிரித்துப் பார்த்திருக்கிறார்.

“அஞ்சாவது சீற் எங்கட பிள்ளைக்குத்தான். நோபேட், எழுதித் தாறன்.”

அண்ணை கேக் வாங்கிவிட்டார். சவரக் கருவியைக்கூட எடுத்துச் சார்ஜில் போட்டிருந்தார், ஏனென்று எனக்கு மட்டும் தெரியும். மச்சாள் குசினி வாசலில் நின்றாள். இரவு இருந்த துள்ளல் இல்லை. கையில் செபமாலை. நான் கிட்டப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த ஐந்தாவது ஆசனக் கணக்குக் கேட்டிருந்தது.

டிவியில் தேர்தல் அதிகாரி மேடைக்கு ஏறினார். கையில் ஒரு தாள். கட்சிகளின் வாக்குகளை வாசித்தார். தவராசா அண்ணர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், பார்த்தியா, நான் போட்ட கணக்கு என்ற மாதிரி. பிறகு தெரிவானவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டு இல்லை. அண்ணை கேக் கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்.

ஐந்தாவது பெயர் வேறு யாரோ.

தவராசா அண்ணர் மடிக்கணினியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், திரும்ப மடிக்கணினியைப் பார்த்தார். அண்ணை கத்தியோடு அப்படியே நின்றார். அங்கே பிரிக்கிற முறை வேறு என்று தவராசா அண்ணருக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியல் முறை என்றால் உலகம் முழுக்க நியூசிலாந்து முறைதான் என்று நினைத்து இரவு முழுக்கக் கணக்குப் போட்ட மனுசன், வேர்த்து விறுவிறுத்துப் போய், ஏதோ பிழைச்சுப்போச்சு நோபேட் என்றார். வேறு பிரிப்பு என்றால் அவள் வருவாளோ மாட்டாளோ என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

ஆறாவது பெயரும் அவளுடையது இல்லை.

ஆறாவதாக வந்தவரின் ஆட்கள் மண்டபம் அதிரக் கத்தினார்கள். கட்டிப்பிடித்தார்கள், கொடியை ஆட்டினார்கள். அதிகாரி தாளைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அடங்கும்வரைக்கும் காத்து நின்றார். அந்த இடைவெளியில் கமெரா மெல்லத் திரும்பி, மேடைக்கு ஒரு பக்கத்தில் நின்ற மற்ற வேட்பாளர்களைக் காட்டியது. ஓரத்தில் ஷாமிலா நின்றாள். முடிவைக் கட்சி முகவர்களுக்கு முதலே காட்டுவார்களாம். அவளுடைய முகவர் மண்டபத்தின் மறுபக்கத்தில் சனத்துக்குள் அகப்பட்டு நின்றதால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. இது பிறகு அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவள் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆறாவதாக வந்தவருக்குக் கைகூடத் தட்டினாள். பார்க்கிறவர்கள், எவ்வளவு நல்ல பிள்ளை, எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பக்கத்தில் நின்ற மச்சாள் என் கையை விட்டாள். டிவிக்குக் கிட்டப் போனாள். இன்னும் கிட்டப் போனாள்.

“அவளின்ர தோளைப் பாருங்கோ,” என்றாள்.

பார்த்தேன். சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் மேலே தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி நின்றன.

மச்சாள் டிவிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். செபமாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் கேட்கத்தக்கதாகச் சத்தமாகச் சொன்னாள்.

“அந்தோனியாரே, நான் கேட்டதை விடும். அவள் கேக்கிறதைக் குடும். பிள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு. நான் கேட்டதை விடும்.”

அண்ணை கேக் கத்தியை மெல்ல மேசையில் வைத்தார்.

“நீ என்ன கேட்டனி?”

மச்சாள் திரும்பவில்லை. கண்ணை டிவியில் வைத்துக்கொண்டே, அவள் வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்டேன் என்றாள்.

“எங்கட பிள்ளை தோக்கோணும் எண்டோ நேர்த்தி வைச்சனி?”

“தோக்கோணும் எண்டு கேக்கேல்லை. வரோணும் எண்டு கேட்டனான்.”

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிற நேரம் அது இல்லை. அண்ணை என்னைப் பார்த்தார். எனக்கு முதலே தெரியும் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும், அவருடைய பார்வை என்னைச் சுட்டது. தவராசா அண்ணர் நல்ல மனிதர், ஒன்றும் கேட்காதவர் மாதிரி மடிக்கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் சத்தம் அடங்கியது. அதிகாரி தாளை உயர்த்தினார். ஏழாவது ஆசனம் என்றார். பிறகு கட்சியின் பெயரைச் சொன்னார். அது அவளுடைய கட்சி. அண்ணை ஒரு எட்டு முன்னால் வைத்தார். ஆனால் பட்டியலில் அவளுக்கு முன்னால் ஒருவர் இருந்தாரே, அவர் வந்துவிட்டாரா, வரவில்லையா? மூன்றாவதாக வாசித்த பெயரா, நாலாவதா அவருடையது? ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு மூச்சுக்குள் இவ்வளவும் ஓடியது.

“ஷாமிலா நோபேட்.”

அண்ணையின் பெயரை ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், நாங்கள் விழுங்கிவிடுகிற ‘ர்’ரையும் சேர்த்து உருட்டி உருட்டிச் சொன்னதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. நான் கத்தினேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். தவராசா அண்ணர் எழும்பித் துள்ளினதில் மடிக்கணினி நிலத்தில் விழுந்தது, அதை அவர் எடுக்கவே இல்லை. டிவியில் அந்த மாடிவீட்டுத் தாய்மார் ஷாமிலாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி அவளை அப்படியே தூக்கிவிட்டாள். மச்சாள் முழங்காலில் இருந்தபடியே அழுதாள். சிரித்துக்கொண்டு அழுதாளா, அழுதுகொண்டு சிரித்தாளா என்று தெரியவில்லை. தோள் இறங்கிவிட்டது, இறங்கிவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணை மட்டும் ஆடவில்லை, கத்தவில்லை. சார்ஜில் கிடந்த சவரக் கருவியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் போய் நின்றேன். என்னைப் பார்க்காமல், மச்சாளை வரச் சொல் என்றார். மச்சாள் வந்தாள். வெண்டால் மொட்டை என்று நேர்த்தி, எடுத்துவிடு என்றார். தனக்கு எதிராக நேர்த்தி வைத்தவளின் கையிலேயே தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மச்சாள் எடுத்தாள். தலை லேசாக முடிந்துவிட்டது. மீசைக்கு வந்ததும் அவளுடைய கை நின்றது. முப்பத்தெட்டு வருடத்துக்கு மேலாக அவள் அந்த மீசைக்குக் கீழேதான் சிரிப்பையும் கோபத்தையும் பார்த்திருக்கிறாள்.

எடு என்றார் அண்ணை. எடுத்தாள். மீசை போனதும் அந்த முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவித்து உரித்த முட்டை மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். அண்ணை முறைத்தார். முறைத்தும் பிரயோசனம் இல்லை, மீசை இல்லாத முறைப்புக்கு யார் பயப்படுவார்கள்? கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்தது. சரி, அந்த வீட்டில் அடுப்பு எரியும் என்று நான் கடைக்குப் போனேன்.

பின்னேரம் என்னையும் தவராசா அண்ணரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அண்ணை தானே போய் ஸ்நாப்பர் மீன் வாங்கி வந்திருந்தார். ஒரு பாதியைப் பொரித்து, மற்றப் பாதியைப் புளி விட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். வாசலிலேயே வாயூறியது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மச்சாள் தனக்குச் சோறும் பருப்பும் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணை பொரியலில் ஒரு துண்டை எடுத்து அவளுடைய சோற்றுக் கோப்பையில் வைக்கப் போனார். அவள் கோப்பையை இழுத்துக்கொண்டாள். நேர்த்தி என்றாள்.

நீ கேட்டது கிடைக்கவில்லையே, பிறகு என்ன நேர்த்தி என்று அண்ணை கேட்டார். பிள்ளை வரவில்லை, அந்தோனியாரிடம் உனக்குக் கடன் இல்லை, சாப்பிடு என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நானும் தலையை ஆட்டினேன். கடைசியாகக் கேட்டது கிடைத்துவிட்டது, அதற்குத்தான் என்று மச்சாள் பருப்பைப் பிசைந்தாள். ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தானாம்.

அப்போது ஷாமிலா வீடியோவில் வந்தாள். அவளுக்கு அங்கே சனி காலை. தலை கலைந்து, குரல் கம்மி, கண் வீங்கிக் கிடந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கிறீச்சிட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். எப்போது சத்தியப்பிரமாணம், எங்கே அலுவலகம் என்று தவராசா அண்ணர் கேட்டார். தன் கணக்கு எங்கே பிழைத்தது என்றும் அவளுக்கு விளக்கத் தொடங்கினார். அண்ணை பொறுக்கமாட்டாமல் இடையில் புகுந்தார். எல்லாம் இருக்கட்டும், உன் அம்மா உனக்கு எதிராக நேர்த்தி வைத்தவள், கேட்டுப் பார் என்று போட்டுக்கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்து மேசைக்குக் கீழே அவருடைய காலை உதைத்தேன்.

ஷாமிலாவின் சிரிப்பு நின்றது. உண்மையா அம்மா என்று கேட்டாள்.

மச்சாள் பொய் சொல்லியிருக்கலாம். நேர்த்தி விசயத்தில் பொய் சொல்ல அவளுக்குப் பயம்.

“ஓம். நீ வீட்ட வரோணும் எண்டுதான் கேட்டனான். கடைசி சீற்றுக்கு மட்டும் உனக்காகக் கேட்டனான்.”

அண்ணைக்கும் சொன்னது பிழையோ என்று பட்டிருக்க வேண்டும், மீசை இருந்த இடத்தைத் தடவினார். ஷாமிலா கண்ணைத் துடைத்தாள். எனக்குக் கிடைத்ததே அந்தக் கடைசி ஆசனம் ஒன்றுதானே அம்மா என்றாள்.

மச்சாள் தொலைபேசியைக் கையில் எடுத்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே பார்த்தாள்.

“இப்ப மூச்சு எடுக்க ஏலுதோ, பிள்ளை?”

நன்றாக இருக்கிறேன், பயப்படாதே என்று ஷாமிலா சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னாள். அதனால் மச்சாள் நம்பினாள். தொலைபேசியை அண்ணையிடம் கொடுத்துவிட்டு, மீன் பொரியல் தட்டை என் பக்கமாகத் தள்ளினாள்.